முப்பத்தோராவது நிமிஷம்

விளக்கை அணைத்ததும் பச்சையம்மா தமயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பயந்துபோய் இல்லை, அவள் பாட்டுக்குப் பிடித்துக்கொண்டாள். சொரசொரப்பான, வெதுவெதுப்பான கை. இருபத்தெட்டு வருஷமாக இந்தக் கையைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறோமே தவிர ஒருநாளும் தொட்டதில்லை என்பது தமயந்திக்கு இப்போதுதான் உறைத்தது. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. நுங்கம்பாக்கத்தில் ஒரு மாடி அரங்கம், நூற்றுச் சொச்சம் பேர், அதில் பாதிப் பேர் இந்தப் படம் எடுத்த வருஷத்தில் பிறந்தே இருக்கமாட்டார்கள். நாற்பத்திரண்டு நிமிஷ ஆவணப்படம். எடுத்தவள் தமயந்தி, ஐம்பத்தேழு வயது. படத்தில் இருப்பவள் பச்சையம்மா, அவளைவிட ரெண்டு வயது கூட. ஊர் உலகமெல்லாம் பார்த்து முடித்த படத்தை அதில் இருக்கிறவள் இன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கப்போகிறாள். என்ன அழகான நியாயம் என்று நினைத்துக்கொண்டாள் தமயந்தி. முப்பத்தோராவது நிமிஷத்தில் இந்தக் கை என்ன செய்யும்? உருவிக்கொண்டு போய்விடுமா? ஓங்கி ஒரு அறை விட்டால்கூடத் தேவலை. அப்புறம் மேடையேறிப் பேசவேண்டாம், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். இன்னும் முழுசாக முப்பது நிமிஷம் கிடக்கிறது, அதற்குள் எதற்கு இந்தச் சாவு என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

திரையில் ஆறு வந்தது. பாலாறு என்று எழுத்துப் போட்டிருந்ததால் ஆறு, இல்லாவிட்டால் ஏதோ நுரைபொங்கும் சாக்கடை என்றுதான் சொல்லவேண்டும். தோல் தொழிற்சாலைகள் விட்ட தண்ணீர். ஷாட் நடுவில் லேசாக ஒரு குலுக்கல். அது கேமராமேன் பிரிட்டோவின் காலில் கட்டெறும்பு கடித்த குலுக்கல். படத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிய ஒரு பேராசிரியர் அதை நிலத்தின் நடுக்கம் என்று எழுதினார், அதைப் படித்துவிட்டு பிரிட்டோ மூன்று நாள் சிரித்தான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மார்கழியில், மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இப்போது இந்தக் குலுக்கல் வந்தால் சிரிப்பதா வேண்டாமா என்றே தெரிவதில்லை. வாடகைக் கேமராவைத் தன் அம்மாவின் பழைய வாயல் புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பஸ்ஸில் வருவான், மேலே வைக்கச் சொன்னால் கண்டக்டரோடு சண்டைக்குப் போவான். படம் முடிந்தபின் டிவியையும் டெக்கையும் ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு எத்தனை ஊர். கரண்ட் இல்லாத இடத்தில் ஜெனரேட்டர், அதன் சத்தத்தில் படத்தின் சத்தம் கேட்காது, தமயந்தியே பக்கத்தில் நின்று கத்திக் கத்திக் கதை சொல்வாள். மறுநாள் தொண்டை கட்டிவிடும், பிரிட்டோ எங்கிருந்தோ சுக்குக் காப்பி வாங்கிவருவான். கையில் காசில்லை, ஆனால் நாம் செய்வது சரி என்ற திமிர் வயிறு நிறைய இருந்தது. அந்தத் திமிருக்காகத்தான் ஏங்குகிறேன், இளமைக்காக இல்லை என்று தமயந்திக்குத் தோன்றியது. தோன்றியதும் அதிலும் பாதி பொய் என்று பட்டது. பிரிட்டோ இருந்தால் இந்த வரிசையின் கடைசி சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பான், விஷயம் இரண்டு பேருடையதாக இருந்திருக்கும்.

கை திடீரென்று இறுகியது. "அதோ. அதோ பாரு." திரையில் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள், நடுவில் கட்டம்போட்ட சட்டை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கன்னியப்பன். பச்சையம்மாவின் புருஷன். நாலே செகண்டு, லாரி ஒன்று குறுக்கே வந்து மறைத்துவிட்டது. "போய்ட்டாரா?" என்றாள் பச்சையம்மா. "ஆமாக்கா." "திரும்பி வருவாரா?" இல்லை என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வியை எந்த விழாவிலும் யாரும் கேட்டதில்லை. "இல்லக்கா, அவ்ளோதான் இருக்கு." பச்சையம்மா இன்னும் கொஞ்சம் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். அவரைத் தனியாக எடுத்திருக்கலாம். அவர் சாகப்போகிறார் என்று யாருக்குத் தெரியும்? அப்போது எடுக்க வந்தது ஆற்றை, தண்ணீரை, தொழிற்சாலையை. கன்னியப்பன் கூட்டத்தில் ஒரு ஆள். செத்த பிறகுதான் அவர் படமானார். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் தலையை ஆட்டிக் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். சொல்லிச் சொல்லி இதுவும் ஒரு நல்ல வாக்கியமாகிவிட்டது என்பதுதான் கொடுமை.

பத்தாவது நிமிஷம். ஐப்பசி மழை திரையில் பெய்கிறது. அந்த மழையில்தான் முதல்முதலாகப் பச்சையம்மா வீட்டுக்குப் போனார்கள். கூரைக்கடியில் அடுப்பு, விறகெல்லாம் ஈரம், ஊதி ஊதிப் புகைதான் வந்தது, தீ வரவில்லை. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஊற்ற அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டே சிரித்தாள், "இதப் போயி எடுக்கிறியே, வேற வேல இல்லியா உனக்கு" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று பிரிட்டோ ஒரு நாற்பது செகண்டு அவள் முகத்தைக் கிட்டத்தில் எடுத்தான். டீ போட்டுக் கொடுத்தாள், அதிலும் புகை வாசனை. அதற்குப் பதினைந்தாவது நாள், தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய ஒருவன் மயங்கி விழ, அவனைத் தூக்க இறங்கினவர் கன்னியப்பன். இரண்டு பேரும் மேலே வரவில்லை. செய்தி கேட்டு மூன்றாம் நாள் இவர்கள் மறுபடி அந்த வாசலில் போய் நின்றபோது பச்சையம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கேமராவைப் பார்த்தாள். உள்ளங்கையைக் காட்டி, "வேணாம்மா" என்றாள், அவ்வளவுதான். பிரிட்டோ கேமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டுக் கைகட்டி நின்றான். ஒரு மணி நேரம் இருவரும் சும்மா நின்றுவிட்டு மழையில் நனைந்துகொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். டீக்கடையில் பிரிட்டோ, "நல்ல காரியம் பண்ணோம் தமா" என்றான். ஆமாம், நல்ல காரியம். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு நிம்மதி அப்புறம் வரவேயில்லை. அங்கேயே விட்டிருக்கக்கூடாதா? டீயைக் குடித்தோமா, ஊருக்குப் போனோமா என்று இருந்திருக்கக்கூடாதா? பாழாய்ப்போன எடிட்டிங் டேபிள்.

கோடம்பாக்கத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த அறை. மணிக்கணக்கில் வாடகை, மின்விசிறி கிடையாது, ஓடினால் சத்தம். ஆறு நாள் வெட்டி ஒட்டிய பிறகு படம் இருந்தது, ஆனால் படத்தில் யாரும் அழவில்லை. தொட்டி இருந்தது, தொழிற்சங்கக்காரர் பேச்சு இருந்தது, மருத்துவர் இருந்தார், வாசல் பூட்டிய தொழிற்சாலை இருந்தது. பச்சையம்மா இல்லை. அப்போது யாரோ சொன்னார்கள், அந்தப் புகை ஷாட்டைப் போட்டால் என்ன என்று. யார்? தமயந்தியின் ஞாபகத்தில் அதைச் சொன்னவன் பிரிட்டோ. வாயில் பஜ்ஜியோடு, டேப் அட்டையில் விரலைத் தட்டிக்கொண்டு சொன்னான், அந்தப் பஜ்ஜி எண்ணெய் அட்டையில் பட்டதுகூட ஞாபகம் இருக்கிறது. பிரிட்டோவைக் கேட்டால், "நீதாம்மா சொன்ன, நான் பஜ்ஜி வாங்கப் போயிருந்தேன், திரும்பி வந்தா போட்டு வச்சிருந்த" என்பான். இருபத்தாறு வருஷம் இந்தச் சண்டை, பாதி விளையாட்டு, பாதி நிஜம். பிரிட்டோ இருந்தவரை குற்றம் இரண்டு பேருக்கும் நடுவில் பந்துபோல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. இப்போது திருப்பிப் போட ஆளில்லை, இவள் கையிலேயே தங்கிவிட்டது. பஜ்ஜி அவன் வாயில் இருந்ததா, வாங்கப் போயிருந்தானா? வாங்கப் போயிருந்தான் என்றால் அட்டையில் எண்ணெய் எப்படி வந்தது? எண்ணெய் அதற்கு முந்தின நாளுடையதாகவும் இருக்கலாம். சரி, யார் சொன்னால் என்ன, எடுத்துப் போட்டது இவள் கை. புருஷன் உயிரோடு இருந்தபோது புகையில் கலங்கிய கண் படத்தில் அவன் செத்தபிறகு அழுத கண்ணாகிவிட்டது. அவள் அழுவதை எடுக்கமாட்டோம் என்ற வாக்கையும் காப்பாற்றியாயிற்று, அவள் அழுவதை ஊருக்குக் காட்டியும் ஆயிற்று. இப்படி ஒரு கெட்டிக்காரத்தனம் ஆவணப்படக்காரர்களுக்குத்தான் வரும்.

இருபத்திரண்டு. திரையில் தொழிற்சங்கக்காரர் பேசிக்கொண்டேயிருக்கிறார், அந்தக் காலத்திலேயே இவரை இன்னும் வெட்டியிருக்கவேண்டும். படம் முடிந்தபோது பச்சையம்மா ஊரில் இல்லை. மூன்று வயது ஹேமாவைத் தூக்கிக்கொண்டு திருவண்ணாமலைப் பக்கம் தாய்வீட்டுக்குப் போய், அங்கிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டாள். சங்கக் கட்டடத்தில் முதல்முறை படம் போட்டபோது, அவள் இல்லை என்று கேட்டதும் தமயந்திக்கு வந்தது நிம்மதி. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நிம்மதிதான். தேடிப் போயிருக்கலாம், பெங்களூர் என்ன சந்திரனிலா இருக்கிறது? படத்துக்குப் பரிசு வந்தது, பச்சையம்மாவின் ஈரக்கண் சுவரொட்டியானது, புத்தக அட்டையானது, யாரோ ஒரு கட்சிக்காரர் தன் தட்டியிலும் போட்டுக்கொண்டார். எல்லாவற்றையும்விட அந்தக் கொச்சி கருத்தரங்கு. கேமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்த கதையைத் தமயந்தி சொல்லி முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு மாணவி எழுந்து, எடுக்கவில்லை என்றால் படத்தில் அவர் அழுகிறாரே, அது எப்போது எடுத்தது என்று கேட்டாள். சாதாரணக் கேள்வி. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் அமையாது. "அது ஒரு மாசம் கழிச்சு, அவங்களே கூப்பிட்டாங்க" என்று தமயந்தி சொன்னாள். எங்கிருந்து வந்தது அந்த வாக்கியம்? யோசித்துச் சொல்லவில்லை, விக்கல் மாதிரி வந்துவிட்டது. அதற்கும் கைதட்டினார்கள், அப்புறம் போன இடமெல்லாம் அதையே சொன்னாள். ஷாட்டை மாற்றிப் போட்டதை வறுமை, அவசரம், வயசு என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம், கொச்சியில் சொன்ன பொய்யைச் சமாளிக்க முடியாது. போன மாசம் ஹேமாவதி போன் செய்தாள். ஓசூரில் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாளாம். "அம்மா இன்னும் அந்தப் படத்தப் பாத்ததே இல்ல மேடம். எங்க காலேஜுல போட்டாங்க, எங்கம்மா அழுவுறத பாக்க முடியாம பாதியில எழுந்து வந்துட்டேன். அம்மாவுக்கு எப்படியாவது காட்டணும்." அந்தப் பெண்ணும் நம்பியிருக்கிறாள். பெற்ற மகளே நம்பின பிறகு வேறு யாருக்குத் தெரியப்போகிறது? தெரியக்கூடிய ஒரே ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

இருபத்தொன்பது. எழுந்து வெளியே போய்விடலாமா? பாத்ரூம் போகிறேன் என்றால் யார் கேட்பார்கள், சர்க்கரை வியாதிக்காரி. முப்பது. தொட்டி, மேலே காக்கைகள். காக்கை ஷாட்டைப் பிரிட்டோ கூரைமேல் ஏறி எடுத்தான், ஓடு உடைந்து விழப்பார்த்தான். கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளலாமா, இழுத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும், வியர்க்கிறது, வியர்ப்பதும் தெரியும். முன்னாலேயே சொல்லியிருக்கவேண்டும். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் வரும்போது சொல்லியிருக்கலாம், ஆட்டோக்காரன் பாட்டைச் சத்தமாக வைத்திருந்தான் என்று ஒரு சாக்கு. அரங்கத்தின் படியில் மூச்சுவாங்க நின்றாளே, அப்போது சொல்லியிருக்கலாம், பாவம் மூச்சு வாங்குகிறாள் என்று இன்னொரு சாக்கு. வந்துவிட்டது. அவள் முகம். முப்பத்தொரு வயசு முகம், திரை முழுக்க. கண்ணில் நிறைந்து, கன்னத்தில் இறங்கி, உதட்டோரம் நின்று. பின்னால் தோல் கம்பெனியின் மர டிரம் உருளும் சத்தம், கடகடவென்று, நாற்பது செகண்டும். அந்தச் சத்தத்தைப் புகழாத விமர்சகர் இல்லை. அரங்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பச்சையம்மாவின் கை அசையவில்லை. பதினைந்து செகண்டு, இருபது. இப்போது அவள் தலையைச் சாய்த்தாள், காதை ஒருபக்கமாகத் திரைக்குக் கொடுத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி. திட்டப்போகிறாளா, அழப்போகிறாளா? எதையோ உற்றுக் கேட்கிறாள். டிரம் சத்தத்தில் என்ன இருக்கிறது கேட்க? ஷாட் போய்விட்டது, வாசல் பூட்டிய தொழிற்சாலை வந்துவிட்டது. அவள் இன்னும் காதைக் கொடுத்தபடியே இருந்தாள்.

மிச்சம் பதினோரு நிமிஷமும் தமயந்தி ஒன்றையும் பார்க்கவில்லை. கைதட்டல் எழும்பி, விளக்கு வந்தபோதுதான் பச்சையம்மா கையை விட்டாள். "தமயந்திமா," என்றாள், கோபமில்லாமல், கடையில் மறந்துவைத்த பையைக் கேட்கிற குரலில். "அடுப்பாண்ட நான் இருக்கிறன்ல. அன்னிக்கி அவரு உள்ளாற பாயில படுத்துகினு பேசிகினே இருந்தாரே. அந்தக் கொரலு எங்க?" தமயந்திக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. ஆமாம், பேசினார். உள்ளேயிருந்து ஒரு ஆண்குரல், விடாமல், ஏதோ கிண்டலாக. அதனால்தானே டிரம் சத்தத்தைப் போட்டார்கள். செத்துப்போனவன் குரல் அழுகைக்குப் பின்னால் கேட்டால் எப்படி? சத்தத்தை மொத்தமாக எடுத்துவிட்டு டிரம்மைப் போட்டார்கள், அப்புறம் எதற்குப் போட்டோம் என்பதையே மறந்துவிட்டார்கள். இத்தனை வருஷமும் கண்ணீரைத் திருடினோம் என்று நினைத்துத்தான் தூக்கம் கெட்டாள். குரலைப் பற்றி ஒருநாளும் நினைக்கவில்லை. "நாங்க எடுத்துட்டோம்க்கா" என்றாள். "எட்த்து எங்க வச்ச?" என்று கேட்டாள் பச்சையம்மா. மடியில் செல்போனைத் தயாராக வைத்திருந்தாள். "ஹேமாவுக்கு அவங்கப்பன் கொரலு எப்பிடின்னே தெரியாது. இதுல புடிச்சிகினு வா, பட்டன் இங்க அமுக்குன்னு சொல்லிக் குடுத்து அனுப்புச்சி. அதுக்குத்தான் வந்தேன்." டேப் விலை ஜாஸ்தி, ஒரே டேப்பில் நாலு தடவை எடுப்போம், எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள் என்றெல்லாம் தமயந்தியின் வாயில் வந்தது. அதையெல்லாம் விழுங்கிக்கொண்டு, "அழிஞ்சிபோச்சுக்கா. நாங்கதான் அழிச்சோம். அதுமேலயே வேற எடுத்துட்டோம்" என்றாள். "இன்னா எட்த்தீங்க?" "ஒரு கல்யாணம். பிரிட்டோவோட அத்தை பையன் கல்யாணம்." பச்சையம்மா செல்போனைப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். "நல்லா வாழறாங்களா?" என்று கேட்டாள். "தெரியலக்கா" என்றாள் தமயந்தி.

மேடையில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள். தமயந்தி குனிந்து, "அக்கா, நான் போய் எல்லாத்தையும் சொல்லிடறேன். நீங்க அழலைன்னு சொல்லிடறேன். அந்த ஷாட்டையே எடுத்துடறேன்" என்றாள். சொல்லும்போதே உள்ளுக்குள் ஏதோ லேசாவது தெரிந்தது, அந்த டீக்கடை நிம்மதியின் வாசனை. பச்சையம்மா வெடுக்கென்று அவள் முழங்கையைப் பிடித்தாள். இப்போதுதான் குரலில் கோபம் வந்தது. "எட்த்துருவியா? இன்னும் இன்னா இன்னாத்த எடுப்ப? அது ஒண்ணுலதான் அவரு என்னாண்ட கீறாரு. அழுவுறன்னு நெனச்சா நெனச்சிகினு போறாங்க. நீ அவரு இருந்தாருன்னு சொல்லு. அதச் சொல்லு போ." தமயந்தி மேடையேறினாள். யாரோ மைக்கைக் கொடுத்தார்கள். எங்கிருந்து தொடங்குவது, கொச்சியிலிருந்தா, பஜ்ஜியிலிருந்தா, சாக்கு எல்லாம் வரிசையில் நின்றன. ஒன்றையும் தொடவில்லை. "முப்பத்தோராவது நிமிஷத்தில் நீங்கள் பார்த்த ஷாட்டில் கன்னியப்பன் உயிரோடு இருக்கிறார்" என்றாள். "உள்ளே பாயில் படுத்துப் பேசிக்கொண்டிருக்கிறார். பச்சையம்மா அழவில்லை, விறகு ஈரம். அவர் பேசினதை நான் அழித்துவிட்டேன். அது எங்கேயும் இல்லை. பச்சையம்மாவே கூப்பிட்டு எடுக்கச் சொன்னார் என்று நான் ஊர் ஊராகச் சொன்னது பொய்." கைதட்டுவதா கோபப்படுவதா என்று அரங்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து, அவர் என்ன பேசினார் என்று கேட்டான். தமயந்தி யோசித்துப் பார்த்தாள். அவளுக்கு ஞாபகமில்லை. மூன்றாவது வரிசையிலிருந்து, மைக் இல்லாமலே, பச்சையம்மா பதில் சொன்னாள். "பவுடர் போட்டுக்கடி, பவுடர் போட்டுக்கடின்னு கத்திகினு இருந்தாரு. படத்துல பாக்கிறவன் பயந்துக்கப் போறான்னாரு." சொல்லிவிட்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் நீர் வழிய வழிய, முந்தானையால் துடைத்துக்கொண்டே, நிறுத்தமுடியாமல். அரங்கத்தில் பத்திருபது செல்போன்கள் உயர்ந்து அவளைப் படம் பிடித்தன. "எடுக்காதீங்க, அவங்களக் கேட்டுட்டு எடுங்க" என்று தமயந்தி மைக்கில் கத்தினாள். யாரும் காதில் வாங்கவில்லை.